மென்மையாக இருக்க வேண்டிய பகுதியைக் கார்பன் ஏற்றிய பின் கடையுங்கள்

கார்பன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கும் எஃகுத் தண்டில், மரை வெட்டும் பகுதி மட்டும் மென்மையாக இருக்க வேண்டுமானால், அங்கே விட்டத்தைக் கூடுதலாக விட்டுவைத்துக் கார்பன் ஏற்றி, தண்டைக் கரித்தூளோடு அடைத்துச் சூடாக்கிய பெட்டிக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டு, அந்தக் கூடுதல் உலோகத்தை லேத்தில் கடைந்து நீக்கிய பிறகே மீண்டும் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்துங்கள். கார்பனைத் தடுக்கும் செம்புப் பூச்சுக்கான செலவு முழுவதும் மிச்சமாகும்.

900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார்பன் எஃகுக்குள் ஊடுருவுகிறதே தவிர, கடினத்தன்மை பின்னர் விரைவாகக் குளிர்விக்கும்போதுதான் வருகிறது. ஆகவே மெதுவாக ஆறிய தண்டைக் கடைவது எளிது. மேலடுக்கு நீங்கியபின் வெளிப்படுவது ஏறத்தாழ 0.2 சதவீதக் கார்பன் மட்டுமே கொண்ட உட்பகுதி என்பதால், எண்ணெயில் அமிழ்த்தினாலும் அது எளிதில் நொறுங்கும் நிலையை அடையாது. கார்பன் 1 மி.மீ. ஆழம் ஏறுமானால் ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. ஆவது விட்டுவையுங்கள், இதில் சிக்கனம் கூடாது, ஏனெனில் மரையின் முகடுகளில் கார்பன் எஞ்சினால் அவை உடைந்துவிடும்.

உலையிலிருந்து நேராக எண்ணெய்க்குள் இறக்கும் முறைக்கு இது பொருந்தாது. நிக்கலும் குரோமியமும் மிகுந்த எஃகுகளில் உட்பகுதியே கணிசமாகக் கடினமாகிவிடுவதால், அவற்றுக்கும் இதை நம்ப வேண்டாம்.