கேபிள் ஒப்பந்தம் முடிய மூன்று வருடம் இருக்கும்போதே பேச்சை ஆரம்பியுங்கள்

அமெரிக்காவில் உங்கள் ஊர்க் கேபிளில் நகரமன்றக் கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டு எல்லாம் காட்டுகிற சமூகச் சேனல் இருக்குமே, அதற்கான பணம் பெரும்பாலும் தெருவில் கம்பி இழுக்க அனுமதி கேட்டு கேபிள் நிறுவனம் ஊரோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது. புதுப்பிக்கும்போது கோட்டை விட்டால் பல வருடங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் வேலை, யாரோடு பேச வேண்டும் என்று பார்ப்பது. கலிஃபோர்னியா 2006 சட்டத்தில் ஒப்பந்தம் வழங்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே மாற்றிவிட்டது, அங்கே சமூகச் சேனலுக்கென்று ஊர் பொதுவாக நிறுவனத்தின் கேபிள் வருமானத்தில் 1 சதவீதம் வரை விதிக்கலாம், பேரம் பேச அதிகம் இல்லை. மாசசூசெட்ஸ் மாதிரி இடங்களில் ஊரே பேசுகிறது. கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட ஊர்களுக்கு.

1984 மத்திய கேபிள் சட்டப்படி ஒப்பந்தம் முடிய 36 மாதம் இருக்கும்போது, புதுப்பிக்கும் நடைமுறையைத் தொடங்கச் சொல்லிக் கேட்பதற்கான ஓர் ஆறு மாத அவகாசம் தொடங்கும். நிறுவனத்தின் வக்கீல்கள் அதற்குள் அப்படிக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிடுவார்கள், கூடவே 'நட்பாகப் பேசி முடித்துக்கொள்வோமே' என்பார்கள். சரி என்று பேசுங்கள், ஆனால் சட்டப்படியான நடைமுறையையும் ஓட விடுங்கள், இல்லையென்றால் உங்கள் கையில் ஒரு துருப்பும் இருக்காது. ஊர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்க நான்கே காரணங்கள்தான் செல்லும். அதில் ஒன்று, நிறுவனம் கொடுக்கும் திட்டம் ஊரின் வருங்காலத் தேவையை, செலவையும் கணக்கில் எடுத்து, நியாயமாகப் பூர்த்தி செய்கிறதா என்பது. அந்தத் தேவை காகிதத்தில் இருந்தால்தான் உண்டு. கருத்துக்கணிப்பு, பொது விசாரணை, பழைய கேமராக்களின் பட்டியல், எந்த அமைப்பு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோவைப் பயன்படுத்தியது என்ற பதிவு எல்லாம் சேருங்கள். உங்கள் தமிழ்ப் பள்ளி அங்கே பொங்கல் விழாவை ஒளிபரப்பியிருந்தால் விசாரணையில் போய்ச் சொல்லுங்கள், அதுவும் பதிவில் ஏறும்.

அடுத்தது பணம், பலர் ஏமாறுவது இங்கேதான். உரிமக் கட்டணம், அதாவது நிறுவனம் ஊருக்குக் கட்டுவது, அதன் கேபிள் டிவி வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்டர்நெட் வருமானம் இதில் சேராது, அதனால் ஜனங்கள் கேபிளைத் துண்டிக்கத் துண்டிக்க இந்தத் தொகை தேய்கிறது. அதோடு, தனியாக எழுதி வைக்காவிட்டால் இது ஊரின் பொதுக் கணக்கில் போய்க் கலந்துவிடும். ஆனால் சமூகச் சேனலுக்கான மூலதனச் செலவு, அதாவது கேமரா, சர்வர், ஸ்டுடியோ கட்டமைப்பு, அந்த 5 சதவீதத்துக்கு வெளியே. சம்பளமும் வாடகையும் உள்ளே. எனவே இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூலதனத்தில் ஒரு பகுதியையாவது கையெழுத்தாகும்போதே மொத்தமாக வாங்குங்கள், ஒரு சந்தாதாரருக்கு இவ்வளவு என்ற கணக்கில் மட்டும் வாங்கினால் வருடா வருடம் குறையும்.

'இலவசமாகத் தருகிறோம்' என்பதை நம்பாதீர்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2019-ல் இப்படிக் கொடுக்கும் சேவைகளையும் பெரும்பாலும் அந்த 5 சதவீதத்தில் கழிக்கலாம் என்றது. 2021-ல் ஆறாவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஏற்றாலும், சந்தை விலையில் இல்லை, நிறுவனத்துக்குக் கூடுதலாக ஆகும் அடக்க விலையில்தான் கழிக்கலாம் என்று சொன்னது. பள்ளிக்கூடத்துக்கு இலவச இணைப்பு என்றால் அதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், எச்டி தரம், திரையில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலில் உங்கள் நிகழ்ச்சிகளின் பெயர், சேனல் எண் மாறினால் விளம்பரச் செலவு யாருடையது, இவற்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.