உங்கள் தொகுதி எம்.பி.யின் பணியை ஆவணங்களைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மக்களுக்காக உழைக்கிறாரா என்பதை, கல்யாண வீடுகளில் அவர் தலை தெரிவதை வைத்தும் தொலைக்காட்சி விவாதங்களில் அவர் குரல் உயர்வதை வைத்தும் முடிவு செய்வதே நம்மிடையே வழக்கம். அவரைப் பற்றிய அரசு ஆவணங்களைப் பார்ப்பதே இதைவிட நம்பகமான வழி.

வருகைப் பதிவில் தொடங்கலாம். ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் அதில் வருகையைப் பதிவதில்லை. மற்றவர்களின் பதிவும் அவர்கள் அன்று வந்ததைச் சொல்லுமே தவிர, மாலைவரை அவையில் இருந்ததைச் சொல்லாது. கேள்விப் பட்டியல் இதைவிட மேலானது. மக்களவை இணையதளத்தில் உறுப்பினரின் பெயரைக் கொண்டு தேடினால், அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சகங்கள் அளித்த பதில்களும் கிடைக்கும். எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், கேள்விகளைப் படித்துப் பார்க்க வேண்டும். கடலோரத் தொகுதியிலிருந்து சென்றவர் கடலரிப்பைப் பற்றியும் அதைத் தடுக்கும் தூண்டில் வளைவைப் பற்றியும் கேட்டாரா, மழுப்பலாகப் பதில் வந்தபோது அடுத்த கூட்டத்தொடரில் விடாமல் மீண்டும் கேட்டாரா என்பதில்தான் அவருடைய அக்கறை தெரியும்.

வாக்களிப்பைக் கொண்டு தனி உறுப்பினரை எடைபோடுவது கடினம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருப்பதில்லை. பதிவு இருந்தாலும், இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகக்கூடும் என்பதால், அது கட்சியின் முடிவையே காட்டும்.

சொத்து விவரங்களுடன் வேட்புமனுவோடு தாக்கலாகும் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் எடுக்கலாம். அவர் இரண்டு தேர்தல்களில் நின்றிருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சொத்தின் மொத்த மதிப்பு உயர்ந்திருப்பதாலேயே ஐயப்பட வேண்டியதில்லை. நிலத்தின் விலை தானாகவும் ஏறும். புதிதாகச் சேர்ந்த சர்வே எண்கள், வாங்கிய தேதி, வாங்கிய விலை, அறிவித்த ஆண்டு வருமானம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியில்தான் ஒரு சாமானியரால் ஆழமாக இறங்கிப் பார்க்க முடியும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றாலும் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் அளித்து நிறைவேற்றும். 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட இந்நிதி 2021 நவம்பரில்தான் மீண்டும் வந்தது என்பதால், அக்காலக் குறைவுக்கு உறுப்பினரைக் குறைகூறுவது நியாயமன்று.

இந்நிதியில் கட்டிய உங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். (அதில் உறுப்பினரின் பெயர்தான் பெரிதாக இருக்கும், மழைக்கு ஒதுங்க இடம் இருக்காது.) அதற்கான பரிந்துரைக் கடிதம், நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். "ஏன் இவ்வளவு செலவானது?" என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று முடித்துவிடுவார்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நகல் வந்ததும் நாடாவுடன் நேரில் சென்று, அளவுப் புத்தகத்திலுள்ள நீள அகலத்தைக் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். பணியைப் பார்வையிடவும் கட்டுமானப் பொருளின் மாதிரி பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் பயனில்லையெனில் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் செல்லலாம். விண்ணப்பத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடு கடந்ததை மெய்ப்பிக்க அதுவே சான்று.