நெதர்லாந்தில் சைக்கிள்: வீடு பார்க்கும்போதே யோசிக்க வேண்டியது

நெதர்லாந்தில் சுமார் 1.8 கோடி மக்கள். சைக்கிள்கள் ஏறத்தாழ 2.3 கோடி. மக்கள் போய்வரும் பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில்தான். ஊர் சமதளமாக இருப்பதால் ஓட்டுகிறார்கள் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தஞ்சாவூர்ப் பக்கமும் சமதளம்தான், அங்கே வேலைக்குப் போகிறவர் பைக்கை அல்லவா எடுக்கிறார்? நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார்தான் கோலோச்சியது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் ஊர் ஊராகப் பெருகின.

பாதை தயாராக இருக்கிறது, சரி. இங்கே குடிவரும் நீங்கள் ஓட்டுவீர்களா என்பதைப் பெரும்பாலும் உங்கள் வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். ஆபீஸ், கடை, பிள்ளைகளின் பள்ளி, ரயில் நிலையம் எல்லாம் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருந்தால் யாரும் சொல்லாமலே சைக்கிளை எடுப்பீர்கள். பத்தைத் தாண்டினால் முதல் மழையிலேயே ஆசை விட்டுப்போகும். அதனால் வாடகையைப் பார்ப்பதற்கு முன் மேப்பில் சைக்கிள் வழியைப் போட்டுப் பாருங்கள். ஐந்தோவன் நகரப் பக்கம் வந்து, அதையடுத்த வெல்ட்ஹோவனில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. அங்கே 2012இல் திறந்த ஹோவன்ரிங் என்ற வட்டப் பாலத்தில் சைக்கிள்கள் மேலே போகும், கார்கள் கீழே போகும். சைக்கிள்காரர் சிக்னலில் நிற்கிற வேலையே இல்லை.

தூரமாக வீடு அமைந்துவிட்டால் சைக்கிளை ரயிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: நிலையம் வரை சைக்கிள், அப்புறம் ரயில். உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தடியில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம். முதல் 24 மணி நேரம் இலவசம். இல்லையென்றால் மின்சார சைக்கிள். விலை கூடத்தான், ஆனால் இங்கே மழையைவிடப் படுத்துவது எதிர்க்காற்று. அதற்கு மோட்டார்தான் மருந்து.

கார் விஷயத்தில் என் கருத்து: வந்த சில மாதங்களுக்கு வாங்காதீர்கள். ஊர் மாறும் சமயத்தில்தான் பழக்கமும் சுலபமாக மாறும். வாசலில் கார் நின்றுவிட்டால் பால் வாங்கக்கூட அதைத்தான் எடுப்போம்.

அப்புறம் தைரியம். தமிழ்நாட்டில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போன பெண்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஓட்டியே பழகாதவர்களுக்கும் பல ஊர்களில் வகுப்புகள் நடக்கின்றன. நகராட்சியிலோ சமூகக் கூடத்திலோ விசாரியுங்கள். தயங்கவே வேண்டாம், நாற்பது வயதில் கற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. சேலை, சுடிதார் கட்டுகிறவர்கள் 'ஓமாஃபீட்ஸ்' என்ற பாட்டி சைக்கிளைப் பாருங்கள்: குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும், பின்சக்கரத்துக்கு நம் ஊர் சாரி கார்டு மாதிரியே மறைப்பும் இருக்கும். ஒன்று கவனம்: பழைய மாடல்களில் கைப்பிரேக் இருக்காது, பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள்.

சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்று பலகையோ குறியோ இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு முதல் வழி. தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர் முனை உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். இருட்டினால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பது 2019 ஜூலை முதல் குற்றம். கார் சைக்கிளை இடித்தால், சைக்கிள்காரர்மேல் தவறு இருந்தாலும் பெரும்பாலும் நஷ்டத்தில் பாதியாவது கார்க்காரர் தலையில்தான் விழும். அதனால் அவர்களும் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள்.

தெருவில் யாராவது அடிமாட்டு விலைக்குச் சைக்கிள் நீட்டினால் வாங்காதீர்கள். திருட்டுச் சைக்கிளாக இருந்தால் வாங்கியவரும் மாட்டுவார். பூட்டு இரண்டு போடுங்கள். அதில் ஒன்று தரையில் ஊன்றிய கம்பியோடு சேர்த்துக் கட்டும் சங்கிலியாக இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்ததும் ஹெச்.ஆரிடம் ஒரு கேள்வி: சைக்கிளில் வந்தால் பயணப்படி உண்டா? 2024 முதல் கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்காவிட்டால் சில கம்பெனிகள் தாமாகச் சொல்வதில்லை.