ஊழியம் பெருகும்போது உள்ளே வற்றிப்போகிற தவறுகள்

காலை ஐந்தரை. சங்கீதம் 63 திறந்திருக்கிறது. "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்ற முதல் வசனத்தை முடிப்பதற்குள் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. தாகம், வறண்ட நிலம், திருப்தி. மூன்று குறிப்பு கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தயார். நோட்டை மூடும்போது "இன்றைக்குத் தியானம் முடிந்தது" என்று ஒரு நிம்மதி வேறு. உண்மையில் தியானம் நடக்கவே இல்லை. தாவீதின் தாகம் சபைக்குப் போகிற வழியில் என்மேல் லேசாகப் பட்டுவிட்டுப் போனதோடு சரி.

பல வருடம் நான் இப்படித்தான் வேதம் வாசித்தேன். ஊழியத்தில் இருக்கிறவர்களோடு மனம்விட்டுப் பேசினால் பெரும்பாலானவர்கள் இதையே சொல்கிறார்கள். வேதத்தைத் திறந்தாலே "இதை யாருக்குச் சொல்லலாம்" என்றுதான் மனம் ஓடுகிறது. சமைக்கிறவர் ருசி பார்த்தே வயிறு நிறைந்ததாக நினைத்துக்கொள்வது போல. எத்தனை நாள் தாங்கும்?

எனக்கு உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. பிரசங்கத்துக்கு எடுத்திருக்கிற புத்தகத்தைக் காலையில் தொடுவதில்லை. ரோமர் பிரசங்கித்துக்கொண்டிருந்தால் காலையில் எண்ணாகமமோ யோபுவோ. பேனா அடுத்த அறையில். முதல் இரண்டு வாரம் கை பரபரத்தது. நல்ல குறிப்பு ஒன்று வீணாகப் போகிறதே என்று வருத்தம்கூட இருந்தது. ஒன்றும் வீணாகவில்லை. நமக்குள் தங்கிப்போன வசனம் ஆறு மாதம் கழித்துப் பிரசங்கத்தில் தானாக வந்து நிற்கும். அப்போது கேட்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் வந்ததே, அப்புறம் என்ன?

இது முதல் தவறைவிட ஆபத்தானது. ஊழியம் நன்றாக நடக்கிறது, ஆகவே என் உள்வாழ்க்கையும் சரியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது.

எண்ணாகமம் 20-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வனாந்தரத்தில் ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லை; கன்மலையைப் பார்த்துப் பேசு, அது தண்ணீர் தரும் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்லியிருந்தார். மோசே கோபத்தில் கோலால் இரண்டு தரம் அடித்தார். கீழ்ப்படியாமல் செய்ததால் தண்ணீர் நின்றுபோயிருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் தண்ணீர் ஏராளமாய் வந்தது. ஜனங்கள் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. அன்றைக்கு அங்கே நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் "எவ்வளவு வல்லமையான ஊழியம்!" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாக்குப்பண்ணப்பட்ட தேசமான கானானுக்குள் மோசே போக முடியாது என்ற வார்த்தை வந்ததும் அதே இடத்தில்தான்.

தாகமாயிருந்தவர்கள்மேல் தேவனுக்கு இரக்கம் உண்டு. தண்ணீர் அதற்காக வந்தது, மோசேக்குக் கொடுத்த நற்சான்றாக அல்ல. கூட்டம் நிரம்பி வழிவது, சாட்சிகள் வருவது, "பாஸ்டர், இன்றைக்கு அப்படியே என்னோடு பேசினீர்கள்" என்று கண்கலங்கிச் சொல்வது எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அவற்றை வைத்து என் ஜெப அறையைக் கணக்குப் பார்க்க முடியாது. மத்தேயு 7-இல் "உமது நாமத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்தோமல்லவா" என்று கேட்கிறவர்களின் பட்டியலும் பொய்ப் பட்டியல் என்று இயேசு சொல்லவில்லை. நான் உங்களை அறியவில்லை என்றுதான் சொன்னார்.

ஜனவரித் தீர்மானங்கள்

வருடப்பிறப்பு ஆராதனை முடிந்த சூட்டில், "நாளை முதல் நான்கு மணிக்கு எழுந்து மூன்று மணி நேரம் ஜெபிப்பேன்" என்று தீர்மானம். பத்தாம் தேதி வரைக்கும் ஓடும். பிறகு ஒரு நாள் தவறும், அந்தக் குற்ற உணர்வில் மறுநாளும் எழ மனம் வராது. கடைசியில் இருந்த அரை மணி நேரமும் போய்விடும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஊழியம் செய்த ராபர்ட் மர்ரே மக்செயின், 1842-இல் தன் சபைக்காக ஒரு வருட வேத வாசிப்பு அட்டவணை தயாரித்தார். அதில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை வரும். இன்றைக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அட்டவணையின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அவர் அதன் ஆபத்துகளை எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது: வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அடுத்த வருடமே, 29 வயதில், அவர் இறந்துபோனார்.

அவ்வளவு வேகம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. முழு வேதாகமத்திலும் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு போதும், வருடத்தில் முடிந்துவிடும். இரண்டு வருடம் எடுத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. தானியேல் சிங்கக் கெபிக்குப் பயப்படாமல் ஜெபித்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். அந்த வசனத்தில் எனக்குப் பிடித்த சொற்கள் "முன் செய்துவந்தபடியே." ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற கட்டளை பிறந்த அன்றைக்கு அவர் புதிதாக ஒன்றும் ஆரம்பிக்கவில்லை.

களைப்புக்கு உபவாசம் மருந்தாகாது

சோர்வு வந்தால் உடனே அதை ஆவிக்குரிய போராட்டம் என்று முடிவுகட்டி, மூன்று நாள் உபவாசம் அறிவித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. போராட்டமாகவும் இருக்கலாம். நான்கு வாரமாக ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் ஓடியதாகவும் இருக்கலாம்.

சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியாவிடம் வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கர்த்தருடைய கேள்வி ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. சாப்பிட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோன நேரத்தில் இயேசு சீஷர்களைத் தனியே இளைப்பாறக் கூப்பிட்டதையும் மாற்கு 6-இல் பார்க்கிறோம். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவைப்பதும் ஒழுக்கம்தான்.

அப்புறம், "ஜெபித்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தை. ஒரு நாள் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஜெபித்ததால்தான் என் மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்றார். ஜெபிக்கிறேன் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஜெபித்த ஞாபகம் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன், அந்தத் தலையாட்டலும் ஒரு பொய்தான். அன்றிலிருந்து கேட்ட இடத்திலேயே, வாசற்படியிலோ போனிலோ, இரண்டு நிமிடம் ஜெபித்துவிடுகிறேன்.

கேள்வி கேட்க ஆள் இல்லாமை

1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது, அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாம் தன் குழுவினரை உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்தார். சுவிசேஷகர்கள் எதெதில் விழுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதியதை ஒப்பிட்டால் எல்லாருடைய பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது: பணம், பாலியல் பாவம், உள்ளூர்ச் சபைகளை மதிக்காமை, எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது. நான்குக்கும் அங்கேயே எல்லை வகுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு எழுதினாலும் பட்டியல் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணத்துக்கு வழி எளிது: காணிக்கையை ஒருவர் தனியாக எண்ணக் கூடாது. தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது கூடவே ஆட்களை அனுப்பிய பவுல் இதைச் செய்துகாட்டியிருக்கிறார், 2 கொரிந்தியர் 8. மற்ற காரியங்களுக்கு, நம் சபையில் இல்லாத, நம்மைக் கண்டு பிரமிக்காத ஒருவர் வேண்டும். சபைக்குள் இருக்கிறவர்கள் மரியாதைக்காகக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அப்படி ஒரு மூத்த ஊழியர் இருக்கிறார். மாதம் ஒருமுறை கூப்பிடுவார். சபை எப்படி என்று கேட்கவே மாட்டார். "பிரசங்கத்துக்கு இல்லாமல் இந்த மாதம் என்ன வாசித்தாய், தம்பி?" என்பார். வீட்டில் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. போன மாதம் முதல் கேள்விக்கே எனக்குப் பதில் வரவில்லை. எதையோ சொல்லச் சங்கீதப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தாளின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "சரி, செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.