பிரிட்டனில் பகுதிநேர வேலை: பென்ஷனில் கோட்டை விடும் இடங்கள்

பிரிட்டனில் ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்குள் சம்பாதிப்பவருக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. "வரியே கட்டுறதில்லை, பென்ஷன்ல போட்டு எனக்கென்ன சலுகை வந்துடப் போகுது?" என்று பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. முதல் தவறு அதுதான். வரி கட்டாதவரின் பென்ஷனுக்கும் அரசு காசு போடுகிறது, முதலாளியும் போடுகிறார். ஆனால் குறைந்த சம்பளக்காரருக்குப் பல சமயம் கேட்டால்தான் கிடைக்கும். கீழே உள்ள தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

முதலாளி சேர்க்கவில்லை என்று சும்மா இருப்பது

22 வயது நிறைந்தவர் ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்ட் தாண்டினால் முதலாளி தானாகவே பென்ஷனில் சேர்த்துவிட வேண்டும். தாண்டாவிட்டால் சேர்க்க மாட்டார். சம்பளம் 6,240க்கும் 10,000க்கும் நடுவில் இருந்தால் நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டால் மறுக்க முடியாது, தன் பங்கையும் போட்டாக வேண்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

9,800 பவுண்ட் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்ச விதிப்படி 6,240க்கு மேற்பட்ட 3,560 பவுண்டுக்குத்தான் கணக்கு. உங்கள் கைக்காசு 142.40, அரசு சேர்ப்பது 35.60, முதலாளி பங்கு 106.80. மொத்தம் 284.80. போட்ட அன்றே காசு இரட்டிப்பாகிறது. எந்த வங்கி வட்டியும் இதன் கிட்டே வராது.

இரண்டு சின்ன வேலை

ஆளை வீழ்த்துவது இதுதான். இரண்டு இடங்களில் தலா 6,200 பவுண்ட் வாங்குகிறீர்கள், மொத்தம் 12,400. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகவே பார்க்கப்படும். எதுவும் 6,240ஐத் தொடாததால் இரண்டு முதலாளிகளுக்கும் பங்கு போடும் கடமை இல்லை. அதே 12,400 ஒரே வேலையில் வந்திருந்தால் தானாகச் சேர்க்கப்பட்டு, முதலாளி பங்காக 184.80 பவுண்ட் வந்திருக்கும்.

பெரிய அடி அரசு பென்ஷனில் விழுகிறது. ஒரு வேலையில் வாரம் 125 பவுண்ட், அதாவது ஆண்டுக்கு 6,500 வந்தால், நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் கட்டணம்) ஒரு பென்னி கட்டாமலே அந்த ஆண்டு உங்கள் அரசு பென்ஷன் கணக்கில் ஏறிவிடும். 6,200 வீதம் இரண்டு வேலை பார்த்தால் ஏறாது. முழு அரசு பென்ஷனான வாரம் 230.25 பவுண்டுக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும். 10க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. முடிந்தால் ஒரு வேலையில் வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி 125ஐத் தாண்டிவிடுங்கள்.

வேறு வழியிலும் ஆண்டு ஏறும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்த ஆண்டு கிடைக்கும். நம் வீடுகளில் அதை முழுநேரம் வேலை பார்க்கும் கணவர் பெயரில் வாங்கிவிடுவார்கள். அவருக்கு ஏற்கெனவே ஆண்டு ஏறுகிறது, மனைவிக்கு வெறுங்கை. சி.எஃப். 411ஏ படிவம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், இன்னும் பென்ஷன் வயதாகாத பாட்டி தாத்தாவுக்கும் தனி ஏற்பாடு உண்டு: சி.ஏ. 9176 படிவம்.

இதெல்லாம் பார்த்த பிறகும் விடுபட்ட ஆண்டு இருந்தால் காசு கொடுத்து வாங்கலாம். வாரம் 17.75 வீதம் ஓர் ஆண்டுக்கு 923 பவுண்ட். அது பென்ஷனில் ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்ட் கூட்டும். பென்ஷன் வரத் தொடங்கி மூன்றாண்டுக்குள் போட்டது திரும்பிவிடும். ஆனால் கட்டும் முன் அரசு இணையதளத்தில் உங்கள் பென்ஷன் முன்கணிப்பைப் பாருங்கள். எப்படியும் முழுத் தொகையை எட்டப்போகிறவர் கட்டினால் அந்த 923 தண்ணீரில் போட்டதுதான். வழக்கமாக ஆறு ஆண்டு வரைதான் பின்னோக்கிக் கட்ட முடியும்.

சம்பளச் சீட்டைப் பார்க்காதது

வேலையிடத்துப் பென்ஷனில் இரண்டு முறை உண்டு. 'ரிலீஃப் அட் சோர்ஸ்' என்றால் நீங்கள் 80 போட, அரசின் 20 நேராகப் பென்ஷனுக்கு வரும், வரி கட்டாதவருக்கும்கூட. 'நெட் பே' என்றால் முழு 100ம் உங்கள் சம்பளத்திலிருந்தே போகும். மேலே சொன்ன 9,800 சம்பளத்தில் மாதப் பிடித்தம் 11.87 என்றால் அநேகமாக முதல் முறை, 14.83 என்றால் இரண்டாவது. சந்தேகமிருந்தால் சம்பளப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

நெட் பேயில் இருப்பவருக்கு ஏப்ரல் 2024க்குப் பிந்திய கட்டணங்களில் விடுபட்ட அந்த 20க்கு அரசு ஈடு தருகிறது. நிதியாண்டு முடிந்த பிறகு வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தொடர்புகொள்ளும், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வீடு மாறியதைச் சொல்லாதவரின் கடிதம் பழைய முகவரியில் கிடக்கும்.

சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள், அதை முதலாளியே பென்ஷனில் போடுவார்; இப்படி 'சாலரி சாக்ரிஃபைஸ்' என்று நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அது முதலாளி கட்டியதாகக் கணக்காகும். வரி கட்டாதவருக்கு அந்த 20% வராது. வாரம் 130 வாங்குபவர் அதில் 6 பவுண்ட் விட்டுக்கொடுத்தால் சம்பளம் 124 ஆகி, நேஷனல் இன்சூரன்ஸ் ஆண்டும் கைநழுவும்.

சேமிப்பை வங்கியிலேயே வைப்பது

யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குபவரின் சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகை குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும். அரசு பென்ஷன் வயது வரும்வரை பென்ஷன் தொகை இந்தக் கணக்கில் வராது. மேலும், பென்ஷனுக்குப் போட்டது வருமானத்தில் கழியும். சம்பளத்தால் உதவித்தொகை குறைந்துகொண்டிருப்பவர் 10 பவுண்ட் போட்டால் சுமார் 5.50 கூடுதல் உதவியாகத் திரும்பும். தனியாகக் கட்டும் பென்ஷன் என்றால் நீங்களே தெரிவிக்க வேண்டும்.

அந்தத் தனிப் பென்ஷனில், சம்பளமே இல்லாதவர்கூட ஆண்டுக்கு 2,880 போடலாம்; அரசு 720 சேர்த்து 3,600 ஆக்கும். கணவரோ பிள்ளைகளோ உங்கள் பெயரில் கட்டினாலும் சரி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது, 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. அவசரத்துக்கு மூன்று மாதச் செலவைக் கையில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் போடுங்கள்.