ஏஐ வச்சு தீசிஸ் எழுதுறீங்களா? அந்த ஆராய்ச்சி உங்களோடதாவே இருக்க என்ன பண்ணணும்

இப்போ கைல இருக்கிற பேப்பரையோ தீசிஸ் சாப்டரையோ எடுத்துக்கோங்க, அதுல உள்ள வேலைய எல்லாம் ரெண்டு பக்கமா பிரிச்சு எழுதுங்க. ஒரு பக்கம், செஞ்சு செஞ்சு தான் நீங்க இந்தத் துறை ஆளா ஆவீங்கன்னு இருக்கிற வேலை. என்ன கேள்வி கேக்கறதுன்னு முடிவு பண்றது, எந்த பேப்பரை நம்பறது எதை ஓரங்கட்டறதுன்னு பாக்கறது, டேட்டால இடிக்கிற இடத்துல நின்னு ஏன்னு மண்டைய உடைச்சுக்கறது. இன்னொரு பக்கம், யார் செஞ்சாலும் ஒண்ணு தான்னு இருக்கிற வேலை. ரெஃபரன்ஸ் ஸ்டைல் மாத்தறது, 300 வார்த்தை அப்ஸ்ட்ராக்டை 250க்கு வெட்டறது இந்த மாதிரி. ரெண்டாவது பக்கத்தை தாராளமா ஏஐகிட்ட தள்ளுங்க, அதுக்கெல்லாம் குற்ற உணர்ச்சி தேவையே இல்ல. முதல் பக்கத்துல மட்டும் அதை கை வைக்க விடாதீங்க.

பிரிக்கறது கஷ்டமா இருந்தா, நிறைய ஜர்னல்ல கேக்கற க்ரெடிட் (CRediT) பட்டியலை திறந்து வச்சுக்கோங்க. ஒரு ஆராய்ச்சில யார் என்ன பண்ணாங்கன்னு சொல்றதுக்கு அதுல 14 பங்கு இருக்கு, ஐடியா யாரோடது, மெத்தட் யாரோடது, அனாலிசிஸ் யார் பண்ணது, முதல் டிராஃப்ட் யார் எழுதினதுன்னு. எந்தெந்த பங்குக்கு நேரா உங்க பேரை போட ஆசைப்படுறீங்களோ அது எல்லாம் முதல் பக்கம். இது ஆளுக்கு ஆள் மாறும்ங்க. பயாலஜி பண்றவருக்கு கோட் வெறும் கருவியா இருக்கலாம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பண்றவருக்கு அதுவே ஆராய்ச்சி. வரலாறு பண்றவர் பழைய ஆவணத்தை மொழிபெயர்க்க ஏஐகிட்ட கொடுத்தார்னா பாதி ஆராய்ச்சிய கொடுத்துட்டார்னு தான் அர்த்தம்.

முதல் டிராஃப்ட் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா பெரும்பாலும் கோட்டை விடறது இங்க தான். கிறுக்கலா இருந்தாலும் பரவால்ல, நீங்களே எழுதுங்க. உதாரணத்துக்கு உங்க நோட்ல இப்படி ஒரு வரி இருக்குன்னு வைங்க, "3 வகுப்புல 2ல மட்டும் மார்க் ஏறுச்சு, மூணாவதுல ஏறல, டீச்சர் நடுவுல மாறினது காரணமா இருக்குமோ". இதை ஏஐகிட்ட கொடுத்து அழகா எழுதித் தரச் சொன்னா, "இந்த அணுகுமுறை பெரும்பாலான வகுப்புகளில் கற்றலை மேம்படுத்துவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது" அப்படின்னு வழவழன்னு ஒண்ணு வரும். படிக்க நல்லா தான் இருக்கும், ஆனா மூணாவது வகுப்பு எங்க போச்சு, டீச்சர் மாறினது எங்க போச்சு? அந்த சந்தேகம் தான் உங்க அடுத்த பேப்பரே. அதனால ஏஐ திருத்தின பத்திய அப்படியே ஒட்டாம பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எந்த "இருக்குமோ" காணாம போச்சு, எந்த எண் மழுங்கிப்போச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டு ஒட்டுங்க.

இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு மொழிய திருத்த ஏஐ பெரிய உதவி தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா கொடுமை என்னன்னா சந்தேகப் பார்வை விழறதும் அவங்க மேல தான். ஸ்டான்ஃபோர்டுல 2023ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்கற இங்கிலீஷ் தேர்வுக்கு எழுதின 91 கட்டுரைய, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கற 7 டிடெக்டர்ல போட்டு பாத்தாங்க, சராசரியா 61% கட்டுரைய ஏஐ எழுதினதுன்னு அது தப்பா காட்டுச்சு. ஓப்பன்ஏஐயே விட்ட டிடெக்டரை துல்லியம் பத்தலன்னு 2023 ஜூலைல எடுத்துட்டாங்க. அதனால டிடெக்டர்ல சைபர் வரணும்னு வாக்கியத்தை போட்டு உடைச்சுட்டு இருக்காதீங்க, அது வெட்டி வேலை. டிராஃப்ட்டோட பழைய வெர்ஷன் எல்லாத்தையும் தேதியோட சேத்து வைங்க, கைல எழுதின நோட்டை தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டறதுக்கு அதை விட நல்ல சாட்சி கிடையாது.

லிட்டரேச்சர் ரிவியூக்கு வருவோம். ஏஐ கொடுக்கற ரெஃபரன்ஸ்ல சில நேரம் ஆசிரியர் பேர் உண்மையா இருக்கும், ஜர்னல் உண்மையா இருக்கும், அந்த பேப்பர் மட்டும் உலகத்துலயே இருக்காது. ஆராய்ச்சிக்குன்னே மெட்டா விட்ட கேலக்டிகாங்கற ஏஐ 2022 நவம்பர்ல வந்து மூணே நாள்ல டெமோவ மூடினாங்க, இந்த மாதிரி நம்பற மாதிரியே கதை விட்டதால தான். ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கிற தனி அடையாள எண்ணான டிஓஐய (DOI) போட்டு திறந்து பாருங்க, திறந்தா மட்டும் போதாது, நீங்க சொல்ற விஷயம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடி குறிச்சு வைங்க. சுருக்கம் கேக்கறதுல தப்பில்ல, எதை முதல்ல படிக்கலாம்னு முடிவு பண்ண அது உதவும், ஆனா நீங்களே படிக்காததை மேற்கோள் காட்டாதீங்க.

அப்புறம் விதி. 2023லயே நேச்சர் மாதிரி ஜர்னல்களும், வெளியீட்டு நெறிமுறைய பாக்கற கோப் (COPE), மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட ஐசிஎம்ஜேஇ (ICMJE) மாதிரி அமைப்புகளும் ஏஐய ஆசிரியரா போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. தப்பு வந்தா பொறுப்பு ஏத்துக்க அதால முடியாது, அவ்ளோ தான் காரணம். நீங்க எந்த டூல்னு, எந்த வேலைக்குன்னு எழுதணும், எந்த இடத்துல எழுதணும்ங்கறது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும், அதை அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. "ஏஐ உதவியுடன்" அப்படின்னு மொட்டையா எழுதாம, "முடிவுகள் பகுதியின் மொழியைத் திருத்த மட்டும் பயன்படுத்தினோம், பகுப்பாய்வு முழுக்க நாங்கள் செய்தது" அப்படின்னு எழுதினீங்கன்னா படிக்கறவங்களுக்கும் நம்பிக்கை வரும், உங்க பங்கு என்னன்னும் தெளிவா நிக்கும்.

ரிவியூ பண்ண வர்ற அடுத்தவங்க பேப்பரை சாட்பாட்ல போடவே போடாதீங்க, அது ரகசியம். அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் (NIH), மானிய விண்ணப்பங்களை ரிவியூ பண்றவங்களுக்கு 2023 ஜூன்லயே இதை தடை பண்ணிடுச்சு. இன்டர்வியூ எடுத்த டேட்டாக்கும் இதே தான், ஒப்புதல் படிவத்துல இல்லாததை பண்ணக்கூடாது.

ஏஐய உருப்படியா யூஸ் பண்ண ஒரு வழி, அதை வைவால, அதாவது தீசிஸ் வாய்மொழித் தேர்வுல, உக்கார்ற கடுப்பான ரிவியூவரா ஆக்கறது. உங்க மெத்தட் பகுதிய கொடுத்து, இதுல ஓட்டை எங்க இருக்கு, கேள்வி மட்டும் கேளு, பதில் சொல்லாதன்னு சொல்லுங்க. பதிலை ஸ்கிரீனை பாக்காம வாயால சொல்லிப் பாருங்க. எந்த கேள்விக்கு திணறுறீங்களோ அந்த இடம் உங்களோடதா இன்னும் ஆகலன்னு தெரிஞ்சுடும், திரும்ப போய் அந்தப் பகுதிய கையால எழுதுங்க.

இதை எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு பக்க லிஸ்ட்டை கைடுகிட்ட காட்டிடுங்க. சில பேர் மொத்தமா வேண்டாம்பாங்க, சில பேர் உனக்கு தோணினதை பண்ணுபாங்க, ரெண்டுமே பின்னாடி சிக்கல் தான். மொழி திருத்தலாமா சார், கோட் எழுதலாமா மேடம்னு ஒவ்வொரு வேலையா கேட்டு, அவங்க சொன்னதை அன்னைக்கே மெயில்ல எழுதி அவங்களுக்கு அனுப்பி வச்சுடுங்க.