டீப் பர்ப்பிளின் பிற்கால ஆல்பங்களை மறுபடி கேட்பது எப்படி?

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பெயரைக் கேட்டதும் பலருக்கு 1970களின் தொடக்க ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' ஆகிய ஆல்பங்களின் மதிப்பை யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ரிச்சி பிளாக்மோர் 1968 முதல் 1975 வரையிலும், பிறகு 1984 முதல் 1993 வரையிலும், ஆக ஏறத்தாழ 16 ஆண்டுகள் அந்தக் குழுவில் கிட்டார் வாசித்திருக்கிறார். 1994இல் சேர்ந்த ஸ்டீவ் மோர்ஸோ 2022 வரை 28 ஆண்டுகள் வாசித்து, எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களில் பங்கேற்றிருக்கிறார். அவ்வளவு நீண்ட காலத்தை வெறும் பிற்சேர்க்கையாக ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். அந்த ஆல்பங்களை ஒரு முறை கேட்டுவிட்டு, மனம் ஒட்டாமல் எடுத்து வைத்தவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

தொடக்கமாக 1996இல் வெளிவந்த 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் வந்த 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', 'மெஷின் ஹெட்'டை உருவாக்கிய பழைய ஐவர் மீண்டும் கூடிச் செய்தது என்பதால், அதைப் பழைய அளவுகோலால் அளப்பதில் தவறில்லை. 1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் விலகி, ஜோ சாட்ரியானி சில மாதங்கள் அந்த இடத்தில் நின்று வாசித்து, அதன் பிறகு மோர்ஸ் வந்து சேர்ந்தபோதுதான் அந்த அளவுகோல் பொருந்தாமல் போகிறது. பிளாக்மோரின் கிட்டாரும் ஜான் லார்டின் ஹம்மண்ட் ஆர்கனும் (ஒரு மின்சார விசைப்பலகை வாத்தியம்) நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் அந்தப் போட்டியைத் தேடிக்கொண்டு 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்துக்குள் நுழைந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மோர்ஸ் பெரும்பாலும் ஆர்கனோடு இழைந்து வாசிப்பவர். இதை ஏற்றுக்கொண்டு கேட்பதே பாதி வேலை.

அடுத்தது நீளம். 'மெஷின் ஹெட்' நாற்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. 'பர்பெண்டிகுலர்' ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. குறுந்தகட்டில் எழுபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்த காலத்தில், பல குழுக்கள் எதையும் கழிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டன. எனவே ஆல்பத்தை நீங்களே இரண்டாகப் பிரித்து, முதல் ஆறு பாடல்களை ஒரு நாளும் மீதியை மறுநாளும் கேளுங்கள். களைத்த காதுக்குக் கடைசியில் வரும் நல்ல பாடலும் சாதாரணமாகத் தோன்றும். பிற்கால ஆல்பங்களைப் பற்றிய அவசரத் தீர்ப்புகளில் பல இப்படிப் பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஆல்பத்தில் ஒரு பாடலையாவது மூன்று முறை கேட்க வேண்டும் என்றால், அது 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்'. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடல், தனித்தனி நரம்புகளாக மீட்டப்படும் மென்மையான கிட்டாரோடு தொடங்குகிறது. பாடகர் இயன் கில்லன் அதன்மேல் ஏறக்குறைய பேசுவதைப் போல் பாடுகிறார். தலைப்பில் அலறல் இருக்கிறது, குரலிலோ அடக்கம் இருக்கிறது. முதல் முறை அவருடைய குரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, அடங்கி ஒலித்த இசை கனத்து எழும் இடங்களில் கிட்டார் எடுத்துக்கொள்ளும் மெட்டைக் கவனியுங்கள். சொற்கள் சொல்லாமல் விட்டதை அந்த மெட்டு சொல்கிறது. மூன்றாம் முறை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். இயன் பெய்ஸ் எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்கிறார், எந்த இடத்தில் அவிழ்த்துவிடுகிறார் என்பது புரிந்தால், பாடலின் கட்டுமானம் முழுவதும் விளங்கிவிடும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமப்படுத்துவது மிகவும் அவசியம். 1990களின் பிற்பகுதியிலிருந்து குறுந்தகடுகளை உரக்க ஒலிக்கும்படி அழுத்திப் பதிவாக்கும் வழக்கம் பரவியது. அதனால் மெல்லிய இடத்துக்கும் வலிய இடத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, சில பாடல்களிலேயே காது அலுத்துவிடுகிறது. புதிய ஆல்பத்தின் ஒலியைப் பழையதன் அளவுக்குக் குறைத்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1998இல் வந்த 'அபாண்டன்' கனமும் அடர்த்தியும் மிகுந்தது, சீரற்றது. அதன் கடைசிப் பாடல் 'இன் ராக்' ஆல்பத்தில் இருந்த 'பிளட்சக்கர்' பாடலின் மறுபதிவு. 24 வயதில் பாடிய கில்லனையும் ஐம்பதைக் கடந்த கில்லனையும் அடுத்தடுத்து நிறுத்தும் அந்த மறுபதிவு தேவையில்லாதது என்பதே என் கணிப்பு. மறுமதிப்பீடு என்பது எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பது ஆகாது.

ஜான் லார்ட் 2002இல் விடைபெற, அவருடைய இடத்துக்கு டான் ஏரி வந்தபின் உருவான முதல் ஆல்பம் 2003இன் 'பனானாஸ்'. அதைக் கேட்க நேரமில்லை என்றால், கடைசியில் உள்ள 'கான்டாக்ட் லாஸ்ட்' என்ற சிறிய கிட்டார் இசையையாவது கேளுங்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதைந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான கல்பனா சாவ்லா இந்தக் குழுவின் ரசிகை, 'மெஷின் ஹெட்'டையும் 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தையும் விண்ணுக்கு எடுத்துச் சென்றவர். அவர்கள் நினைவாக மோர்ஸ் இயற்றிய அந்த இசையில் வேகமோ வித்தையோ இல்லை. இழுத்து ஒலிக்கும் சில சுரங்களே இருக்கின்றன. விண்ணில் சாவ்லா இவ்விரண்டு ஆல்பங்களையும் ஒன்றாகவே வைத்திருந்தார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

2013இல் வந்த 'நவ் வாட்?!' ஆல்பத்துக்கு முழுமையாக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் ஒலிக்கு மீண்டும் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறார். 2012 ஜூலையில் மறைந்த ஜான் லார்டுக்குக் காணிக்கையான இந்த ஆல்பத்தில், 'அபவ் அண்ட் பியாண்ட்' பாடலின் ஆர்கனைக் கூர்ந்து கேளுங்கள். டான் ஏரி லார்டைப் போல வாசிக்க முயலாமலேயே அவருக்கு மரியாதை செய்கிறார்.

இறுதியாக ஒரு பயிற்சி. 1968இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் இசையான 'அண்ட் தி அட்ரஸ்', 2020இல் வந்த 'வூஷ்!' ஆல்பத்தில் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு பதிவுகளிலும் வாசித்தவர் பெய்ஸ் ஒருவர்தான். முதல் பதிவின்போது அவருக்கு வயது 19. ஒலியளவைச் சமமாக வைத்து, விமர்சனம் எதையும் படிக்காமல், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, டிரம்ஸில் என்ன மாறியிருக்கிறது, என்ன மாறாமல் இருக்கிறது என்று இரண்டு வரிகள் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.